அடுத்தவர் விரிக்கும் படுக்கை

என் தங்கை லண்டனிலிருந்து போன் செய்து, "அண்ணே, நாம எல்லாரும் கப்பல்ல போறோம்" என்று சொன்னபோது நான் பங்களாவின் பின்பக்கத்தில் தலையணை உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மழை வருமா வராதா என்று எங்கள் லிந்துலைத் தேயிலை மலை வானம் முடிவு செய்யாமல் இருந்த ஒரு காலை. யாராவது பெரிய விஷயம் எதையாவது சொன்னால் எனக்குப் பேச்சு வராது. நான் தூக்கி வளர்த்த தங்கையே சொன்னாலும் வராது.

"லைன்ல இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்."

"அண்ணிகிட்ட நானே பேசிக்கிறேன். உங்ககிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்வீங்க."

அவள் சொன்னது சரிதான். அன்று மாலை, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த என் மனைவி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கும் முன்பே, "பாஸ்போட்டுக்குப் போட்டா புடிக்கணுமாம், வாங்க" என்றாள். அவ்வளவுதான் ஆலோசனை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் பங்களாவில் முன்பு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த தொரை குடியிருந்தார். இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. ஐந்து அறைகள். அந்த அறைகளைக் கூட்டித் துடைப்பதும், படுக்கை விரிப்பதும், குளியலறை கழுவுவதும் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆங்கிலம் விருந்தாளிகள் பேசிக் கேட்டு வந்தது. கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் வராது. என் மனைவிக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவள் யாரிடமும் பேசுவாள். பங்களாவுக்கு வரும் ஜெர்மன்காரியிடமும் தமிழிலேயே பேசி, அவளைச் சிரிக்க வைத்து அனுப்புவாள்.

கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்கே வரும். ஐந்து இரவு. நாலு பேர் தங்கும் குடும்ப அறை ஒன்றைத் தங்கை எடுத்திருந்தாள். அவளும் அவளுடைய பத்து வயது மகளும் நாங்கள் இரண்டு பேரும். தங்கையின் கணவர் வரவில்லை. அவருக்குக் குளத்தைப் பார்த்தாலே தலை சுற்றுமாம்.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் என் மனைவி கழுத்தை நிமிர்த்தி மாடிகளை எண்ணத் தொடங்கி, பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு ஒற்றையறைக் காம்பராவுக்கும் கண்ணாடிக் கதவு போட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அறை ஒன்பதாவது மாடியில். கதவைத் திறந்ததும் தங்கை முகம் சுளித்தாள். "படத்துல பெருசா காட்டினாங்க. இவ்வளவு சின்னதா இருக்கே."

"சின்னதா?" என்றாள் என் மனைவி. "ஏ புள்ள, நீ பொறந்த காம்பராவ மறந்துட்டியா? அதுல எட்டுப் பேரு படுத்தோம். அடுப்பும் உள்ளதான் இருந்துச்சு."

பெரிய கட்டில் ஒன்று. பகலில் சோபாவாகவும் இரவில் படுக்கையாகவும் ஆகும் இருக்கை ஒன்று. கூரையோடு ஒட்டி மடிந்திருக்கும் இன்னொரு கட்டில். அதை இறக்கினால் சின்ன ஏணியும் கூடவே வரும். தங்கையின் மகள், என் மருமகள், அது தனக்குத்தான் என்று அப்போதே ஏறப் பார்த்தாள். அலுமாரியின் உள்ளே மிதவைச் சட்டைகள், சின்னக் குளிர்ப்பெட்டி, தலைமுடி காயவைக்கும் மிஷின். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்ட பல்கனி; அதற்கு அப்பால் கடல். என் மனைவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தாள். வெளியே வந்து, "என்னங்க, கக்கூசுல தண்ணி ஊத்தவே வேணாம். அதுவே கோவமா உறிஞ்சி இழுத்துக்குது" என்றாள்.

நான் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. தலையணைகளின் திறந்த வாய் கதவுப் பக்கம் தெரியாமல் திரும்பியிருந்தது. யாரோ வேலை தெரிந்தவர்.

அவரை அன்று மாலையே பார்த்தோம். அதற்கு முன் கப்பலில் ஒரு சங்கு ஊதினார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பழக்குவதற்காம். தங்கை கண்ணாடி முன் நின்று ஆற அமரத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் மனைவிக்குப் பதறிவிட்டது.

"பாப்பா, சீக்கிரம்! பெரட்டுக்குப் பிந்தினா திருப்பி அனுப்பிருவாங்க."

"கப்பல்லருந்து எங்க அண்ணி திருப்பி அனுப்புவாங்க? நீந்தியா போகச் சொல்லுவாங்க?"

முப்பது வருடம் விடியற்காலையில், தோட்டத்து ஆள்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவளுக்கு அந்தப் பகிடி ஏறவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு போய், கூடும் இடத்தில் எல்லாருக்கும் முதலாக நிறுத்தினாள். பட்டியலோடு நின்ற அதிகாரி அறை எண்ணைக் கேட்க, அவள் தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, "ரெண்டாம் நம்பர் மலை" என்று தான் கொழுந்து பறிக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டாள். அதிகாரி மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது எங்கள் அறை வாசலில் ஒருவர் நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சாம்பல் நிறச் சட்டை. எங்கள் அறையைப் பார்க்கும் பணியாளர் தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய பெயர்ப் பட்டையில் பெயருக்குக் கீழே நாட்டின் பெயர் இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு வழக்கம்போல் சும்மா நின்றேன். என் மனைவி என் முழங்கையை இடித்து, "என்னங்க எழுதியிருக்கு?" என்றாள்.

"நம்ம நாடுதான்."

அவ்வளவுதான், அவள் சிங்களத்தில் ஆரம்பித்துவிட்டாள். அவர் எங்கள் மலைப் பக்கத்துக் கினிகத்தேனைக்காரர். தகப்பன் அங்கே மெயின் ரோட்டில் கடை வைத்திருந்தாராம். கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வந்ததால் தமிழும் வரும் என்றார். பாதி சிங்களம், பாதி தமிழாகத்தான் அவர் பேசினார். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அண்ணே, அக்கா, என்ன வேணும்னாலும் என்னைத்தான் கேக்கணும்" என்றார். "இந்தத் தடவை எனக்கு ரொம்ப முக்கியம்."

என்ன முக்கியம் என்று என் மனைவி கேட்காமல் விடுவாளா? அவர் சொன்னார். சாதாரணப் பணியாளருக்கு ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. மாடிக்குப் பொறுப்பாளராகிவிட்டால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. அந்த இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. இந்தப் பயணம் முடியும்போது ஆளை முடிவு செய்வார்கள். அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அதுவரைக்கும் அவர் பார்க்கும் அறைகளில் ஒரு குறையும் வரக் கூடாது. வீட்டில் இரண்டு வயது மகள். அப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுகிறாளாம்.

"கவலப்படாதீங்க" என்றாள் என் மனைவி. "எங்க ரூம்புல ஒரு குத்தமும் வராது. இவரு இருக்காருல்ல."

நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கட்டிலின் மேல் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. துவாயால் செய்த வெள்ளை யானை, தும்பிக்கை தூக்கியபடி. மருமகள் துள்ளினாள். "மாமா, இதைக் கழட்டவே கூடாது, ப்ராமிஸ்" என்றாள். அதைப் பத்திரமாக அலுமாரி மேல் வைத்துவிட்டு, நாங்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த துவாயால் துடைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு விழித்துவிட்டேன். அது வேலை எழுப்பும் நேரம், கடலுக்கு நடுவிலும் எழுப்புகிறது. மற்றவர்களும் எழுந்து பல்கனிக்குப் போனதும் கட்டில் என் கண்ணில் பட்டது. கலைந்த படுக்கையை வைத்துவிட்டுப் போய், இன்னொருவர் வந்து அதைத் திருத்துவது என்பது எனக்கு உடம்பு கூசும் காரியமாக இருந்தது. அதுவும் எங்கள் பக்கத்து ஆள். என்னைப் போலவே வேலை செய்பவர். என்னைப் போலவே அவருக்கும் முதுகு வலி இருக்கும். நான் விரிப்பை உதறி விரித்தேன். ஏணியில் ஏறி மேல்கட்டிலையும் சரிசெய்தேன். கைகழுவும் தொட்டியைத் தேய்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் அறை பளிச்சென்று ஆகிவிட்டது.

"லீவு எடுத்து, ஏரோப்பிளேன் ஏறி, கப்பலும் ஏறி வந்து இதத்தான் செய்யணுமா?" என்றாள் என் மனைவி.

"பாவம்டி, அந்தாளு."

எட்டு மணிக்கு அவர் தள்ளுவண்டியோடு வந்தார். நான் கதவைப் பாதி திறந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு. நீங்க போய் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் உக்காருங்க" என்றேன். நானாக ஒருவரிடம் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம்.

"வேணாம் அண்ணே, நான் செய்யணும்."

"பரவாயில்லங்க."

"இல்ல அண்ணே, வேணாம்."

எங்கள் பக்கத்தில் யாருக்காவது தேத்தண்ணி நீட்டினால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் தடவையும் அதையேதான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கோப்பையை உள்ளே எடுத்துப் போகிறவனை யாரும் மனிதன் என்று மதிக்க மாட்டார்கள். கினிகத்தேனைக்காரருக்கும் அந்த மரியாதை இல்லாமலா இருக்கும்? அவர் மரியாதைக்குத்தான் மறுக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கதவின் கைப்பிடியில் மாட்டுவதற்கு ஓர் அட்டை இருந்தது, உள்ளே வர வேண்டாம் என்று எழுதிய சிவப்பு அட்டை. அதை எடுத்து மாட்டிவிட்டுச் சிரித்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். சிவப்பு அட்டை மாட்டிய கதவை அவர்கள் திறக்கக் கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் சாப்பிடப் போனேன்.

அந்தத் திருப்தியில்தான் கப்பலைச் சுற்றிப் பார்த்தேன். சாப்பாட்டு மண்டபம் காலையிலிருந்து இரவு வரை மூடுவதே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எத்தனை தரமும் போகலாம். என் மனைவி முதல் நாள் இடியப்பம் தேடி அலைந்தாள். இரண்டாம் நாள் நூடுல்ஸே அதுதான் என்று முடிவு செய்து, மேலே மீன் கறி ஊற்றிச் சாப்பிட்டாள். தேத்தண்ணியை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. நூல் கட்டிய சின்னப் பையைக் கோப்பையில் முக்கி எடுத்து உற்றுப் பார்த்து, "நாங்க முதுகு ஒடியப் பறிக்கிறது இதுக்குத்தானா? ரெண்டு எலையும் மொட்டுமா குடுத்தத இப்புடிக் குப்பையாக்கிட்டாங்களே" என்று பக்கத்து மேசைச் சீனத்து அம்மாளிடம் முறையிட்டாள். அந்த அம்மாளும் தன் கோப்பையைக் காட்டி ஏதோ முறையிட்டார். இரண்டு பேரும் அடுத்த மூன்று நாளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று தனி மண்டபம் இருந்தது. வர்ணம் பூச, பந்து விளையாட, படம் பார்க்க. மருமகள் அங்கே போனால் திரும்பி வரமாட்டாள். மேல்தளத்தில் நீச்சல் குளமும், நாலு மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்கும் இருந்தன. தங்கை தன் அண்ணிக்கு முழுக்கை நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். என் மனைவி அதைப் போட்டு, மேலே என் சட்டை ஒன்றையும் போட்டுக்கொண்டு மேலே ஏறி, சாமி பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சறுக்கினாள். கீழே தண்ணீரில் விழுந்து எழுந்ததும் அவள் முதலில் சொன்னது, "இன்னொருக்கா." மழைக்காலத்தில் கொழுந்து மலையில் சறுக்கி விழுவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே கூடை இல்லை என்றாள்.

அடுத்த நாளும் நானே படுக்கை விரித்தேன். அதற்கடுத்த நாளும். அட்டையைக் காலையில் மாட்டி, அவர் வண்டி தாண்டிப் போனதும் எடுத்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் அவர், "அண்ணே, தயவுசெஞ்சு விடுங்க" என்றார். நான் ஒவ்வொரு நாளும் அவருடைய நல்ல மனதை நினைத்து மகிழ்ந்தேன். மாலையில் மருமகளுக்காக வாசலில் நின்றபடியே ஒரு துவாய் முயலையும், ஒரு துவாய்க் குரங்கையும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் அலுமாரி மேல் வரிசையில் உட்கார்ந்தன.

நான் படுக்கை விரித்த மூன்றாவது காலை, மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அட்டையை எடுக்கக் கதவருகே போனேன். வெளியே பேச்சுக் குரல். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினார். கண்டிப்பான, ஆனால் சத்தம் உயர்த்தாத குரல். அவர் பணியாளர்களுக்கெல்லாம் மேலதிகாரி என்பது பேச்சிலிருந்து புரிந்தது. நான் அசையாமல் நின்று கேட்டேன்.

"முதல் நாள் இரவுக்குப் பிறகு உன் திறப்புச் சாவி இந்தக் கதவைத் திறக்கவில்லை. கதவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் நேற்று மதியம் நான் வந்து பார்த்தபோது படுக்கை விரித்திருந்தது. யார் விரித்தது?"

பதில் இல்லை.

"விரிப்பின் மூலை நாம் மடிப்பது போல இல்லை. வேறு யாரையோ வைத்துச் செய்கிறாயா? இல்லை, உன் நாட்டுக்காரர்கள் என்பதால் அவர்களையே செய்யச் சொல்லிவிட்டாயா?"

"இல்லை, மேடம்."

"அப்படியென்றால் யார்?"

கதவின் இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவர் ஏன் பேசவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. பங்களாவில் எங்களுக்கும் அதுதான் சட்டம். என்ன நடந்தாலும் விருந்தாளியைக் கை காட்டக் கூடாது. விருந்தாளி கண்ணாடியை உடைத்தால்கூட அது தானாக உடைந்ததுதான்.

"இன்று மாலைக்குள் நீ விளக்கம் சொல்லாவிட்டால் பட்டியலில் உன் பெயர் இருக்காது" என்றார் அந்தப் பெண். காலடிச் சத்தம் போய்விட்டது. பிறகு தள்ளுவண்டியின் சக்கரம் மெதுவாக உருளும் சத்தம்.

நான் கதவைத் திறந்திருக்க வேண்டும். கை கைப்பிடியில்தான் இருந்தது. திறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டு எடுக்காமலே போய் உட்கார்ந்தேன். என் மனைவி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நல்லா செஞ்சீங்க. அந்த மனுசன் மூணு நாளா வேணாம் வேணாம்னு கெஞ்சுனாரு. நீங்க அவருக்குத் தேத்தண்ணி குடுக்குற மாதிரி நின்னுக்கிட்டிருந்தீங்க."

"நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"நான் லீவுல வந்திருக்கேன்."

தங்கை கோபமாக எழுந்தாள். "அந்த மேடம் யாரு? நான் போய் நல்லாக் கேட்டுட்டு வர்றேன். விருந்தாளி படுக்கைய விருந்தாளி விரிச்சா இவங்களுக்கு என்ன?"

"வேணாம் பாப்பா" என்றேன். அவள் போனால் அது ஒரு முறைப்பாடு ஆகிவிடும். முறைப்பாடு எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அறை வேலைக்காரன் தலையில்தான் வந்து விழும். "செஞ்சது நான். நான்தான் சொல்லணும்."

இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். நான் போய் ஒருவரிடம் பேசப்போகிறேன் என்பதை அவர்கள் நம்பவில்லை. எனக்கும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஐந்தாம் மாடியில் விருந்தாளிகள் விசாரிக்கும் கவுண்டர் இருந்தது. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனேன். வரிசையில் நின்று என் முறை வரும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொன்னேன். ஒரு குடும்பம் போனது, ஒரு கிழவர் போனார், பிறகு அந்தச் சீனத்து அம்மாள் வந்து, என்னை அடையாளம் கண்டு, தோளைப் பிடித்துக் கவுண்டர் பக்கம் தள்ளிவிட்டார். அவர் தள்ளாவிட்டால் நான் சிங்கப்பூர் வரும்வரை அங்கேயே நின்றிருப்பேன்.

மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வந்தார். என் வயது இருக்கும். சிரித்துக்கொண்டே, அறையில் ஏதாவது குறையா என்று கேட்டார். நான் காகிதத்தைப் பார்த்தேன். என் எழுத்தே எனக்குப் புரியவில்லை.

"மேடம், நானும் ரூம் பாய்தான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பங்களா. இருபத்திரண்டு வருடம். ஐந்து அறை. படுக்கையை நான்தான் விரித்தேன். அட்டையை நான்தான் மாட்டினேன். அந்த ஆள் வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்தப் பெண் நம்பாமல் பார்த்தார். ஓர் ஊர்க்காரனைக் காப்பாற்ற இன்னொரு ஊர்க்காரன் சொல்லும் கதையாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"வாங்க, காட்டுறேன்" என்றேன். ஆங்கிலம் தீர்ந்துபோய்விட்டது, இதைத் தமிழில்தான் சொன்னேன். அவர் பின்னாலேயே வந்தார்.

அறையில் என் மனைவியும் தங்கையும் இருந்தார்கள். நான் கட்டிலின் விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டேன். தலையணைகளையும் எறிந்தேன். என் மனைவி, "ஐயோ, இவருக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். பிறகு நான் விரிக்க ஆரம்பித்தேன். வேலை கைக்கு வந்ததும் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. விரிப்பை ஒரு உதறு, நடுக்கோடு கட்டிலின் நடுவில் விழுந்தது. கால்மாட்டில் இரண்டு மூலையையும் எங்கள் பங்களா முறைப்படி இரட்டையாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகினேன். அந்த மடிப்பு பழைய தொரை காலத்திலிருந்து அங்கே நடப்பது. நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவி நிமிர்ந்தேன்.

அந்தப் பெண் குனிந்து மூலையைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நேற்று மதியம் பார்த்தது இதுதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நிறையக் காரணம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "பழக்கம், மேடம்."

அவர் அலுமாரி மேலிருந்த யானை, முயல், குரங்கை எல்லாம் ஒரு தடவை பார்த்தார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் பேசியது கண்டிப்பாகத்தான். தங்கை மொழிபெயர்த்தாள்.

"அண்ணே, அவங்க சொல்றாங்க, உங்களுக்கு அவர் மேல இரக்கம் இருக்கிறது சரி. ஆனா சுத்தம் பண்ணத் தேவையில்லாத அறைக்கு எதுக்கு ஆளுன்னு மேல கேப்பாங்களாம். நீங்க அவரோட வேலையைத்தான் எடுத்துக்கிட்டீங்களாம்."

அதை நான் யோசிக்கவே இல்லை. பங்களாவில் யாராவது ஒரு விருந்தாளி தினமும் தன் அறையைத் தானே கூட்டிக்கொண்டால் எனக்கு என்ன ஆகும்?

"இன்னைக்கு நடந்தத விளக்கமா எழுதிருவாங்களாம். பேர் பட்டியல்ல இருக்கும். ஆனா நாளைக்குக் காலையில அவங்களே வந்து பாப்பாங்களாம். அவர் செஞ்ச அறையத்தான் பாக்கணுமாம். நீங்க ஒரு தலையணையக்கூடத் தொடக் கூடாதாம்."

"தொட மாட்டாரு" என்று என் மனைவி அந்தப் பெண்ணிடம் நேராகத் தமிழில் உறுதி கொடுத்தாள். "நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் விழித்தபோது அவளும் விழித்திருந்தாள். கலைந்த கட்டிலை நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "போங்க, பல்கனியில போய் உக்காருங்க" என்றாள். பல்கனியிலிருந்தும் கட்டில் தெரிந்தது. விரிப்பின் ஒரு நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை மட்டுமாவது எடுத்து மேலே போடலாம் என்று எழுந்தேன். "உக்காருங்க!" மருமகள் மேல்கட்டிலிலிருந்து தலையை நீட்டி, "மாமா, நான் உங்களை வாட்ச் பண்றேன்" என்றாள். கடலில் சூரியன் எழும்பியதாம். மற்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கதவில் அட்டை இல்லை. அவர் தன் திறப்பால் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க துரை" என்றார் அவர். "துரைமாரு எழும்ப மாட்டாங்க."

நான் சோபாவில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். வேகம் எனக்குக் குறையாது. கட்டிலைச் சுற்றி நடக்கும் நடை என்னைவிடச் சுத்தம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறு பக்கம் போனார். நான் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் செய்கிறவன். இருபத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் எனக்காகப் படுக்கை விரிப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கை பரபரத்தது உண்மை. ஆனால் பாதி வேலையில் அது நின்றுவிட்டது. வேறொரு தொழில்காரரின் வேலையை உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று அன்று கண்டேன்.

தரையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார். "அண்ணே, காலைத் தூக்குங்க."

தூக்கினேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். கதவின் பதிவைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், குளியலறைக்குள் போய் வந்தார். கையிலிருந்த பலகையில் ஏதோ குறித்துக்கொண்டு, வெளியே நின்றவரிடம் ஒரு சொல் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். முடிவு கடைசி நாள் விடியற்காலையில்தான் தெரியும் என்று பிறகு அவர் சொன்னார். அதைக் கீழ்த்தளத்தில் ஒட்டுவார்களாம். அந்த ஒரு இடத்துக்குப் போட்டியாக இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம்.

அன்று நாங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பயணத்தைப் பற்றி விருந்தாளி கருத்து எழுதும் தாளைத் தங்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சாப்பாடு எப்படி, அறை எப்படி, குளம் எப்படி என்று பல கேள்வி. அறை என்ற இடத்தில் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும் என்று தங்கை சொல்ல, இருந்தால் இருக்கட்டும் என்றேன். "எனக்கு இந்த வேலை தெரியும். இவர் என்னைவிட நன்றாகச் செய்கிறார்." அதற்கு மேல் இடமும் இல்லை, சொல்லும் இல்லை. தேத்தண்ணியைப் பற்றியும் எழுதச் சொல்லி என் மனைவி வற்புறுத்தினாள்.

கடைசி நாள் காலை, சிங்கப்பூரில் இறங்குவதற்கு எல்லாரும் பெட்டிகளோடு நடைபாதையில் நெருக்கி நின்றார்கள். அவரை எங்கும் காணவில்லை. மருமகள் யானையைக் கொண்டு போக அழுது, கடைசியில் அதைக் கழட்டி யாரும் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று காகிதம் எழுதி வைத்துவிட்டு வந்தாள். நான் கூட்டத்துக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். முடிவு என்ன என்று யாரிடமும் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. கேட்காமல் இறங்கவும் கால் வரவில்லை.

அப்போது நடைபாதையின் கோடியில் ஒரு கதவு திறந்தது. அவர்தான். எங்களுக்கு அடுத்து வரும் விருந்தாளிகளுக்காக அறைகளைத் திருத்த ஆரம்பித்திருந்தார். இரண்டு கைநிறைய அழுக்கு விரிப்புகள், தாடை வரைக்கும். என்னைக் கண்டதும் நின்றார். கை எடுத்து ஆட்ட முடியாது. மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு கையை மட்டும் எப்படியோ வெளியே எடுத்து, விரல்களை நீட்டிக் காட்டினார். நாலு.

"என்னங்க காட்டுறாரு?" என்றாள் என் மனைவி.

"நாலு மாசம்."

அவள் அங்கிருந்தே, அத்தனை பேரின் தலைக்கு மேலாகச் சிங்களத்தில் கத்தினாள். முதல் லீவுக்கு வரும்போது பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு லிந்துலைக்கு வர வேண்டும், வராவிட்டால் பஸ் ஏறிக் கினிகத்தேனைக்கே வந்துவிடுவாள் என்று. நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நானும் என்னை அறியாமல், "வாங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.